அம்முவுக்குக் குளிர்கிறது

கத்திரி வெயில் தொடங்கிய அன்று காலை, வேலூர் சத்துவாச்சாரி மூன்றாவது ஃபேஸில், ஊரே விசிறிக்கும் ஈரத்துண்டுக்கும் நடுவே கிடந்து புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குமுதவல்லி வீட்டு உள்ளறையில், போன தை மாதம் தவறிப்போன மகள் அமுதினியின் அலமாரியில் இருந்த தேங்காயெண்ணெய் பாட்டில் அடிவரைக்கும் வெள்ளை வெளேரென்று உறைந்துபோயிருந்தது. குமுதவல்லி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மார்கழியில் என்ன செய்வாளோ அதையே செய்தாள்: கொண்டுபோய் மொட்டைமாடிச் சுவரில் வெயிலில் வைத்தாள், உருகியதும் எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் மறுபடி உறைந்திருந்தது.

அவ்வளவுதான் அதிசயம். அந்தக் குளிர் எப்படி வந்தது, எந்த வாசல் வழியாக நுழைந்தது என்றெல்லாம் துருவிக்கொண்டிருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். வந்தது; இருந்தது. வந்ததை வைத்துக்கொண்டு அந்தத் தெரு என்ன பாடு படுத்தியது, ஒரு தாய் என்ன பாடு பட்டாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வியாழக்கிழமைப் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வேலூரில் வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று இரண்டே காலம். சுற்றி நிற்கிற பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் திருப்பிக் கக்குகிற அந்த ஊரில், வியாழக்கிழமை தவறாமல் மத்தியானம் மூன்று மணிக்கு நான்கு பெண்கள் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் கூடி, துண்டுத் துணிகளை வெட்டிச் சேர்த்து, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே இந்த ஒட்டுத்துணி என்று மூன்று அடுக்காகக் கனமான போர்வைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். விற்பதற்கில்லை, போட்டிக்கு அனுப்புவதற்கில்லை, சும்மா, ஆசைக்கு. யாருக்குத்தான் சிரிப்பு வராது? சங்கத் தலைவர் கேசவலு, பனியனோடு விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, “ஏம்மா, இதெல்லாம் பாலாத்துக்குப் போத்தவா? தண்ணியத்தான் காணோம், போர்வையாவது இருக்கட்டும்” என்பார். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். கோபித்துக்கொள்ள நேரம் ஏது, ஊசியில் நூல் கோர்க்க வேண்டாமா?

அயர்லாந்தில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்த எப்சிபாதான் இந்தப் பைத்தியத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவள். மற்ற மூன்று பேரும் அவள் வீட்டுக்கு ஒரு நாள் காபி குடிக்கப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள். எதிர்வீட்டு ஷமீமுக்குக் கையும் வேகம், வாயும் வேகம். மூலை வீட்டுக் கோகிலம் முதலில் வெட்டிவிட்டு அப்புறம் அளப்பவள். நான்காவது, குமுதவல்லி. கூட்டம் தொடங்கியதும் தையலுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு எத்தனை கிடப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கிடப்பு என்றால், ஆசையாகத் தொடங்கி, பாதி தைத்து, முடிக்காமல் அலமாரியில் கிடக்கிற போர்வை. எப்சிபாவுக்கு நாலு. ஷமீமுக்கு ஆறு. கோகிலத்துக்கு ஒன்பது, அதுவும் ஒன்றை மறைத்துச் சொன்ன கணக்கு. குமுதவல்லிக்குப் பதினொன்று. சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கிடப்பு இல்லாத கை வெறுங்கை என்பது அவர்கள் கட்சி.

கோகிலத்தின் கிடப்புக்குக் காரணம் சோம்பல், ஷமீமின் கிடப்புக்குக் காரணம் மூன்று பிள்ளைகள், குமுதவல்லியின் கிடப்புக்குக் காரணம் அவளுடைய கண். நில அளவை அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் வரைபடம் போட்டு ஓய்வுபெற்ற கண் அது. அங்கே கோடு ஒரு நூல் அளவு தப்பினால் ஒருத்தர் கிணறு இன்னொருத்தர் பட்டாவுக்குள் போய்விடும். அந்தக் கண்ணோடு துணிக்கு வந்தால் என்ன ஆகும்? நாலு துண்டின் மூலைகள் சேரும் இடத்தில் அரை நூல் விலகியிருந்தால் போதும், ரிப்பரை எடுத்து, அதுதான் தையல் பிரிக்கிற அந்தக் குட்டி முள்ளை எடுத்து, கடகடவென்று வரிசை முழுக்கப் பிரித்துவிடுவாள். மற்றவர்கள் பஞ்சை வீணாக்கினார்கள், அவள் நூலை வீணாக்கினாள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று அம்முவுடையது; வீட்டில் அமுதினிக்கு அதுதான் பெயர். கனடாவில் வின்னிபெக் என்கிற ஊருக்கு அமுதினி வேலைக்குப் போனபோது தொடங்கியது. நாற்பத்திரண்டு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் எட்டு முனை, எல்லாமே அம்மு போட்டுக் கிழித்த துணி: பள்ளிக்கூட நீலச் சீருடை, சின்னாளப்பட்டிப் பாவாடை, முதல் சம்பளத்தில் எடுத்த மஞ்சள் சுடிதார். முதல் குளிர்காலம் வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அப்போதுதான் ஐந்தாவது வரிசையில் நீல நட்சத்திரம் ஒன்று முனை மழுங்கி நிற்பதைக் குமுதவல்லி பார்த்தாள். தையல் ஒரு நூல் உள்ளே போய் முனையைத் தின்றிருந்தது.

“அம்மா, போர்வை என்னாச்சு?” என்றாள் அம்மு, போனில்.

“ஆயிடுச்சுடி. ஒரே ஒரு நட்சத்திரம் முனை மழுங்கிப்போச்சு. அதை மட்டும் பிரிச்சுட்டு…”

“மழுங்கினா மழுங்கட்டும்மா. அதை வெச்சு நான் என்ன பட்டாவா எழுதப்போறேன்? அனுப்பிவிடும்மா, இங்க குளிருது.”

“கொஞ்சம் இருடி. இதோ, பொங்கலுக்குள்ள.”

ஒரு பொங்கல் போனது. பிரித்த வரிசையைச் சேர்த்தால் அடுத்த வரிசை ஒத்துவரவில்லை, அதையும் பிரித்தாள். இரண்டாவது பொங்கல் போனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சின் கடைசியிலும் அந்தப் பெண் கேட்டது, ஒவ்வொரு தடவையும் அம்மா அதே “கொஞ்சம் இருடி” சொன்னாள். மூன்றாவது பொங்கலும் போய் நாலு நாள் ஆனபோது, அங்கே மைனஸ் முப்பத்தொன்று, சளி என்று படுத்தவளுக்கு நிமோனியா என்றார்கள், மூன்றே நாள். தோழிகள் அங்கேயே காரியம் செய்தார்கள். ஒரு தோழி வரும்போது கையடக்கமான ஒரு பெட்டி வந்தது.

அறையில் ஹீட்டர் இருந்தது, கடையில் வாங்கிய கம்பளி இரண்டு இருந்தது, போர்வை போயிருந்தாலும் நடப்பதுதான் நடந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். “ஒரு போர்வையால யாரும் பொழைக்கிறதும் இல்ல, போறதும் இல்ல, குமுதா. நான் நர்ஸு, நான் சொல்றேன்” என்றாள் எப்சிபா. “ஆமாங்க்கா” என்றாள் குமுதவல்லி. காரியமெல்லாம் முடிந்து முதல் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, முறை வந்ததும், “பதினொண்ணு” என்றாள். யாரும் திருத்தவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

சரி, குளிருக்கு வருவோம். எண்ணெய் உறைந்த மூன்றாம் நாள், அந்த அறையில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடியில் பனி படிந்தது. ஏழாம் நாள், தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் மேலே பாலாடை மாதிரி ஐஸ் கட்டியது. வெளியே தார் ரோடு உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குமுதவல்லியின் கணவர் தயாளன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற, நாளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர், அறைக்குள் வந்து ஒரு நிமிஷம் நின்றார், சுற்றிக்கொண்டிருந்த விசிறியை அணைத்தார், திருப்பதி போனபோது வாங்கிய குரங்குக் குல்லாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர் சொன்ன கருத்து.

எட்டாம் நாள் பிற்பகல், குமுதவல்லி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வேறு ஏதோ ஒரு கிடப்பைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அவள் தொடைக்கு அடியில் இரண்டு இடம் மட்டும் சில்லென்று ஆனது. நகர்ந்து உட்கார்ந்தாள். அதுவும் கூடவே நகர்ந்து வந்து செருகிக்கொண்டது. அம்முவுக்குச் சின்ன வயசிலிருந்தே பாதம் சில்லென்று இருக்கும். மழையில் நனைந்து பள்ளிவிட்டு வந்ததும், தைக்கிற அம்மாவின் தொடைக்கு அடியில் இரண்டு காலையும் திணித்துக்கொண்டுதான் வீட்டுப்பாடமே எழுதுவாள்.

“வந்துட்டியாடி” என்றாள் குமுதவல்லி. பிறகு, தை மாதத்திலிருந்து அழாத அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதாள், தெருவே கேட்க அழுதாள். தயாளன் வாசற்படியில் வந்து நின்றார்.

“அம்முவா?”

“ம்.”

அவர் உள்ளே வந்து கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இருட்டும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

தெருவுக்கு விஷயம் போக எத்தனை நேரம் ஆகும்? மறுநாளே கோகிலம் தன் தங்கை மகளுடைய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அம்மு ரூம்ல ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கட்டுமா?” குழந்தை அங்கே போட்டதும் தூங்கியது, வேர்க்குரு அமர்ந்தது, அதிலிருந்து பிடித்தது கூட்டம். கல்யாண வீட்டு மல்லிகைக் கூடைகள் வந்தன, புளிக்கக் கூடாத இட்லி மாவு வந்தது, இன்சுலின் பாட்டில்கள் வந்தன, நிறைமாதக்காரிகள் வந்தார்கள், ரத்தக் கொதிப்புக்காரர்கள் வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் புத்தகத்தோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள், மின்வாரியத்திலிருந்து ஒருத்தர் திருட்டுத்தனமாக ஏசி ஓடுகிறதா என்று பார்க்க வந்து, மீட்டரைப் பார்த்து, தலையைச் சொறிந்து, அரை மணி நேரம் கண்மூடிச் சாய்ந்திருந்துவிட்டு, ரொம்ப நன்றிங்கம்மா என்று சொல்லிப் போனார். தள்ளுமுள்ளு ஆகிவிடக் கூடாதே என்று கேசவலு ஓர் அட்டையில் நேர அட்டவணை எழுதி வாசலில் மாட்டினார்: காலை ஆறு முதல் பூ, மாவு; எட்டு முதல் கைக்குழந்தைகள்; பத்து முதல் கர்ப்பிணிகள், நோயாளிகள்; வியாழன் விடுமுறை. யாரோ ஒரு புண்ணியவதி நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். குமுதவல்லி ஈரத்துணி எடுத்துவந்து துடைத்தாள். “இது கோயில் இல்ல. என் பொண்ணு ரூம்” என்றாள்.

வந்தவர்களுக்கெல்லாம் பத்து நிமிஷத்தில் பல் கிட்டிக்கும். வேலூரில் எந்த வீட்டில் போர்வை இருக்கிறது? இந்த நாலு பேரிடம்தான் இருந்தது. இத்தனை வருஷக் கேலிக்குப் பிறகு ஊர் முதல் முறையாக அவர்களிடம் வந்து கைநீட்டியது. ஏ அப்பா, அந்த வைகாசியும் ஆனியும் அவர்கள் தைத்த தையல்! அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோகிலத்தின் கோணல் போர்வையில் நிறைமாதக்காரிகள் சுருண்டு படுத்தார்கள், எப்சிபாவின் பச்சைப் போர்வையில் குழந்தைகள் மூத்திரம் போயின, கேசவலுவே ஷமீமின் அன்னாசிப்பழ டிசைன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “என்ன கதகதப்பும்மா!” என்று சொக்கிப்போனார். வியாழன்தோறும் கிடப்பு எண்ணிக்கை குறைந்தது. குமுதவல்லிக்குப் பதினொன்று ஏழானது, ஏழு மூன்றானது, ஆடி பிறந்தபோது ஒன்றில் வந்து நின்றது.

அந்த ஒன்றைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. ஏனென்றால் ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கட்டிலில், அம்மு படுக்கிற இடத்தில், வேறு எந்தப் போர்வையைப் போட்டாலும் நிற்கவில்லை. கோகிலத்துடையதைப் போட்டார்கள், ஐந்து நிமிஷத்தில் அட்டையாக விறைத்து, சரிந்து கீழே விழுந்தது. எப்சிபாவுடையதும் விழுந்தது, கடைக் கம்பளியும் விழுந்தது. விழுந்ததை எடுத்து மடித்த நாலு பேரும் ஒரே நேரத்தில் அலமாரிக் கொக்கியில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தார்கள், நட்சத்திரங்கள் இருந்த பை. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குமுதவல்லிக்குத் தெரியாதா? அவளுக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் போர்வையை முடித்துப் போர்த்திவிட்டால் அம்முவுக்குக் குளிர் விட்டுவிடும். குளிர் விட்டுப்போனால் அப்புறம் அவள் இங்கே எதற்கு இருக்கப்போகிறாள்? தினமும் பிற்பகலில் தொடைக்கு அடியில் வந்து செருகிக்கொள்கிற அந்த இரண்டு பாதமும் போய்விடும். ஒரு தடவை தொலைத்தது போதாதா? அதனால் வியாழக்கிழமைக்குப் பையை எடுத்துப் போனாள், இரண்டு நட்சத்திரம் சேர்த்தாள், வீட்டுக்கு வந்து இரண்டு நட்சத்திரம் பிரித்தாள். பிரித்தவற்றின் முனையெல்லாம் சரியாகத்தான் இருந்தன. இருந்தும் பிரித்தாள்.

ஊருக்கும் அதில் சம்மதம்தான். “அவசரமே இல்லைங்கம்மா. ஆடி போகட்டும், ஐப்பசி போகட்டும், நிதானமாத் தைங்க” என்றார் கேசவலு. அவர் மருமகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது, கால் வீங்கி, காலையும் மாலையும் அம்மு ரூமில்தான் படுத்திருந்தாள். கெட்ட மனுஷர் இல்லை. யாருமே கெட்டவர்கள் இல்லை. சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

கட்டில் நடுங்குவதை முதலில் கண்டுபிடித்தவர் தயாளன். ஆரம்பத்தில் காட்பாடிப் பக்கம் ரயில் போகிறது என்று நினைத்தார்கள். ரயில் போகாத நேரத்திலும் நடுங்கியது. கம்பத்தில் கைவைத்தே மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும் மனுஷர், கட்டில் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓர் அட்டையை மடித்துக் கட்டில் காலுக்கு அடியில் வைத்தார். இரண்டு நாள் சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் அட்டையோடு சேர்ந்து நடுங்கியது. படிக்க வந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து படித்தார்கள்.

“குமுதா” என்றார் ஒரு நாள் காலை, அன்றைக்கு உண்டான நாலு வார்த்தையில் மூன்றை எடுத்து, “கட்டில் நடுங்குது.”

“தெரியும்” என்றாள்.

ஆடி இரண்டாம் வியாழன் கூட்டத்தில் வழக்கம்போலக் கிடப்பு சொன்னார்கள். எப்சிபாவுக்கு ஒன்று, ஷமீமுக்கு இரண்டு, கோகிலத்துக்கு மூன்று, குமுதவல்லிக்கு ஒன்று.

“அக்கா, அந்த ஒண்ணு எப்போ?” என்றாள் ஷமீம்.

“ஆகும்.”

“எப்போக்கா?”

“கொஞ்சம் இரேன் ஷமீம். என்ன அவசரம் இப்போ?”

“நான் இருப்பேன்க்கா, எனக்கென்ன. என் புள்ளைங்க மூணும் அந்த ரூம்ல உக்காந்து ஐஸ் தின்னுச்சுங்க, நானும் வேணாம்னு சொல்லல, இப்போ சொல்லவே வெக்கமா இருக்கு. அம்மு நடுங்குறாக்கா. அவ நடுங்க நடுங்க, நாம உக்காந்து காத்து வாங்கிக்கினு இருக்கோம்.”

கோகிலம் ஷமீமின் கையைப் பிடித்தாள். அதற்குள் குமுதவல்லி எழுந்துவிட்டாள். மடியிலிருந்த துணியெல்லாம் தரையில் கொட்டியது.

“உனக்கென்னடி தெரியும்? உன் மூணும் உன் கண்ணு முன்னாடி ஓடிக்கினு இருக்கு, நீ பேசுவ! என் ஒண்ணு இப்போதான் வந்திருக்கு. அதையும் அனுப்பச் சொல்றியா? இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்ச…”

கொட்டியதைக் குனிந்து பைக்குள் அள்ளினாள். பையோடு செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தாள். மூன்றரை மணி வெயில். உள்ளங்கால் பொரிந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. நேரே உள்ளறைக்கு வந்து, வியாழன் விடுமுறை என்றும் பாராமல் வந்து படுத்திருந்த கேசவலுவின் மருமகளை, “எழுந்திரும்மா, வீட்டுக்குப் போ” என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்தாள்.

பாதங்கள் வந்தன. தொடைக்கு அடியில் செருகிக்கொண்டன. அன்றைக்கு அவை இருந்த குளிர்ச்சி எலும்புவரை போனது. கட்டில் கடகடவென்று ஆடியது, அலமாரியில் சீப்பும் வளையல் டப்பாவும் சேர்ந்து ஆடின. குமுதவல்லி குனிந்து, வெறும் படுக்கையைத் தடவித் தடவி, “கொஞ்சம் இருடி, இதோ…” என்றாள்.

சொன்னதும் வாய் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பொங்கலுக்குள்ள. மூன்று வருஷம் போனில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அன்றைக்குக் கோணலாக இருக்கிறதே என்று அவளைக் குளிரில் வைத்தாள். இன்றைக்கு விட மனசில்லாமல் குளிரில் வைத்திருக்கிறாள். குளிர்கிறவளுக்கு அம்மாவின் காரணம் என்ன கணக்கு? குளிருது என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண் அத்தனை தூரத்திலிருந்து வீட்டுக்கே வந்து, மூன்று மாதமாகப் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் உன்னை என்னடி பண்ணிட்டேன், நான் உன்னை என்னடி பண்ணிட்டேன் என்று குமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே எழுந்தாள். பையை எடுத்தாள். மறுபடியும் செருப்பில்லாமல் ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கண் வீங்கிப்போய் நின்ற ஷமீம் கதவைத் திறந்தாள்.

“ஷமீம், மெஷின்ல வெள்ளை நூல் கோத்திருக்கா?”

“கோத்துதான்க்கா வெச்சிருக்கேன்” என்றாள் ஷமீம். “உள்ள வாங்க. கால் கொப்புளிச்சுப்போயிருக்கு பாருங்க.”

நாலு பேரும் ஏழு நாள் தைத்தார்கள். விடியலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை, சோறு எப்சிபா வீட்டிலிருந்து வந்தது. மூன்றாம் நாள் வரிசைகளைத் தரையில் பரப்பி ஒன்றோடொன்று சேர்க்கும்போது, ஐந்தாவது வரிசையில் அந்த நீல நட்சத்திரம். எத்தனை தடவை பிரித்துத் தைத்தும் அந்த ஒன்று மட்டும் முனை மழுங்கியேதான் நின்றது. குமுதவல்லியின் கை தானாகப் போய்த் தையல் பெட்டியில் ரிப்பரை எடுத்துவிட்டது. மூன்று பேரும் ஊசியை நிறுத்தினார்கள். குமுதவல்லி அந்த முனையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தாள்.

“பட்டாவா எழுதப்போறேன்னு கேட்டா” என்று சொல்லிச் சிரித்தாள். ரிப்பரைப் பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு அந்த வரிசையைச் சேர்த்துத் தைத்தாள்.

ஆறாம் நாள் கேசவலு நாலைந்து பேரோடு வந்தார். சுற்றிவளைத்துப் பேசினார், கடைசியில் விஷயத்துக்கு வந்தார். “அம்மா, மருமகளுக்கு இன்னும் பத்து நாள்தான். அதுவரைக்கும் மட்டும்…”

“விசிறி வாங்கி வைங்க சார்” என்றாள் குமுதவல்லி, தலை நிமிராமல். “என் பொண்ணுக்குக் குளிருது.”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் மாட்டியிருந்த அட்டவணையைத் தன் கையாலேயே கழற்றி எடுத்துப்போனார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு விளிம்புப் பட்டியின் கடைசித் தையலைப் போட்டு, முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து மறைத்து, குமுதவல்லி நூலைக் கடித்தாள். அறைக்குள் அவளும் தயாளனும் மட்டும் போனார்கள். மற்ற மூன்று பேரும் கூடத்திலேயே நின்றுகொண்டார்கள். தயாளன் ஒரு முனையைப் பிடித்தார், அவள் ஒரு முனையைப் பிடித்தாள், கட்டிலில் விரித்தார்கள். போர்வை விறைக்கவில்லை. சரியவில்லை. மெல்ல இறங்கி, உள்ளே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்திருக்கிற உருவத்துக்கு, தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால் என்று படிந்தது. கட்டில் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

குமுதவல்லி கால்மாட்டில் உட்கார்ந்தாள். பாதங்கள் தொடைக்கு அடியில் வந்தன. “கோணலாத்தான்டி இருக்கு” என்றாள். “அஞ்சாவது வரிசை பாரு, உன் ஸ்கூல் யூனிபார்ம். அம்மாவுக்குச் சரியா வரலடி. அம்மாவை மன்னிச்சுடு. லேட் பண்ணிட்டேன், ரொம்ப லேட் பண்ணிட்டேன். நல்லாப் போத்திக்கோ. தூங்கு.” தயாளன் தோள் இருந்த இடத்தில் கையை வைத்து, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார். தொடைக்கு அடியில் இருந்த சில்லிப்பு குறைந்தது. தண்ணீர்க் குளிர்ச்சி ஆனது, அப்புறம் வெறும் தரைக் குளிர்ச்சி, அப்புறம் கதகதப்பு, காய்ச்சல் இல்லாத, நன்றாகத் தூங்குகிற ஒரு பெண்ணின் காலில் இருக்கிற கதகதப்பு. அது கொஞ்ச நேரம் இருந்தது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பிறகு அதுவும் இல்லை.

கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. சொம்பில் ஐஸ் கரைந்தது. போர்வை அங்கங்கே தாழ்ந்து தட்டையானது. அலமாரியில் எண்ணெய் பாட்டிலில் முதலில் ஓரம் உருகி, பிறகு நடுவில் வெள்ளைக் கட்டி ஒன்று மிதந்து, பிறகு முழுக்கத் தெளிந்தது. நாலு சுவரிலிருந்தும் வேலூர் வெயில் உள்ளே இறங்கியது. தயாளனின் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது. அவர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்து போய் விசிறியைப் போட்டார்.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு நாலு பேரும் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். கேசவலு எதிரே வந்தார், போர்வையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். துணியெல்லாம் பிரித்து வைத்தார்கள். வழக்கத்தை விட்டுவிடலாம் என்றுதான் எப்சிபா நினைத்தாள், ஆனால் பழக்கதோஷத்தில் கோகிலம் தொடங்கிவிட்டாள், “எனக்கு மூணு.”

“ரெண்டு” என்றாள் ஷமீம்.

“ஒண்ணு” என்றாள் எப்சிபா.

குமுதவல்லி ஊசியை வெளிச்சத்தில் பிடித்து நூல் கோர்க்கப் பார்த்தாள். மூன்று தடவை தப்பியது. ஷமீம் கைநீட்டி வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் குமுதவல்லி.